வீட்டுக்கு வரும் ஓய்வுப் பராமரிப்பின் தரத்தை எடைபோடுவது எப்படி

நோயுற்ற பெற்றோரையோ மாமியாரையோ வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர் சில மணி நேரமாவது வெளியே போய்வரவும், அயர்ந்து உறங்கவும், தம் உடம்புக்கு மருத்துவரைப் பார்க்கவும் வழிசெய்யும் வகையில், பயிற்சி பெற்ற ஊழியர் ஒருவர் வீட்டுக்கே வந்து அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்வதைச் சிங்கப்பூர் மருத்துவமனைகளில் ‘ரெஸ்பைட் கேர்’ என்கிறார்கள். இங்கே அதை ஓய்வுப் பராமரிப்பு என்று குறிப்பிடுகிறேன். முதியவர் நல்லபடியாக இருந்தாரா, பராமரிப்பவருக்கு உண்மையில் ஓய்வு கிடைத்ததா என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இதன் தரம் தெரியும். நம்மில் பெரும்பாலோர் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறோம். பக்கவாதத்துக்குப் பின் முதுமை மறதியும் சேர்ந்துகொண்ட என் அம்மாவை ஈசூனில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் பார்த்துக்கொள்ளும் நானும் முதல் ஓராண்டு அப்படித்தான் இருந்தேன்.

சேவையை எடைபோடுவதற்கு முன், உங்கள் வீட்டு முதியவரின் இப்போதைய நிலையை நீங்களே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். குளிப்பது, உடுத்துவது, உண்பது, கழிவறைக்குப் போவது, நடமாடுவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது என்ற ஆறு அன்றாடச் செயல்களே இங்கு அடிப்படை. கடுமையான இயலாமைக்கான காப்புறுதியாக 2020ல் தொடங்கிய கேர்ஷீல்டு லைஃப் திட்டமும், 2019 முதல் வழங்கப்படும் இல்லப் பராமரிப்பு மானியமும் இந்த ஆறையே கணக்கில் கொள்கின்றன என்பதால், மதிப்பீட்டு அறிக்கை ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கக்கூடும். ஆனால், ‘உடுத்த உதவி தேவை’ என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு புதிதாக வரும் ஊழியர் எதுவும் செய்ய முடியாது. ‘இடது கை வலுவற்றது; சட்டையை மாட்டும்போது இடது கை முதலில், கழற்றும்போது கடைசியில்’ என்று எழுதினால் அதன்படி செய்ய முடியும், அவர் அப்படிச் செய்தாரா என்று நாமும் பார்க்க முடியும்.

மருத்துவமனையின் மருத்துவச் சமூகப் பணியாளர் மூலமாகவோ, ஏஐசி எனப்படும் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பின் 1800 650 6060 என்ற எண்ணை அழைத்தோ சேவைக்கு விண்ணப்பிக்கலாம். வீட்டில் தலைக்கு எவ்வளவு வருமானம் என்ற கணக்கின்படி கட்டணத் தள்ளுபடி முடிவாகும். நிறுவனத்தோடு பேசும்போது கட்டணத்தைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடாதீர்கள். முதல் நாளுக்கு முன் வீட்டுக்கு வந்து மதிப்பிடுவது யார், பராமரிப்புத் திட்டத்தை எழுத்தில் தருவார்களா, அதை எப்போது மறுபடி பார்ப்பார்கள், ஆம்புலன்சுக்காக 995 அழைக்க வேண்டிய நிலை வந்தால் அடுத்து யாருக்குத் தகவல் போகும், ஊழியர் செய்யக்கூடாத வேலைகள் எவை என்று கேளுங்கள். உணவு செலுத்தும் மூக்குக் குழாயைப் புதிதாகச் செருகுவது போன்ற வேலைகள் செவிலியருக்கு உரியவை. ‘எங்கள் ஊழியர் எல்லாமே செய்வார்’ என்று சொல்லும் நிறுவனத்தைவிட, ‘இதை எங்கள் ஊழியர் செய்யமாட்டார்’ என்று தெளிவாகச் சொல்லும் நிறுவனத்தையே நான் நம்புவேன்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் கருதுவது, ஒவ்வொரு வாரமும் அதே ஊழியர்தான் வருவாரா என்ற கேள்வி. நாங்கள் முதலில் அமர்த்திய நிறுவனம் நான்கு வாரங்களில் நான்கு பேரை அனுப்பியது. மூன்று மணி நேரச் சேவையில் ஒரு மணி நேரம் நான் விளக்கம் சொல்வதிலேயே போனது. அம்மாவுக்கோ ஒவ்வொருவரும் வீட்டுக்குள் நுழைந்த அந்நியர். நான்காவது வாரம், குளிக்க வைக்க வந்தவரின் கையைத் தட்டிவிட்டுச் சுவரோரம் ஒதுங்கி நின்று அம்மா அழுததை நான் கதவருகில் நின்று பார்த்தேன். அந்த நான்கு ஊழியர்களில் ஒருவர்மீதும் எனக்குக் குறையில்லை. ஆளை மாற்றி மாற்றி அனுப்பியதுதான் குறை.

மொழியையும் தரத்தின் ஒரு பகுதியாகவே கொள்ள வேண்டும். வரும் ஊழியருக்குப் பெரும்பாலும் தமிழ் தெரியாது. முதுமை மறதி முற்றும்போது பலருக்கு இடையில் கற்ற மொழிகள் நழுவித் தாய்மொழியே மிஞ்சுகிறது. எங்கள் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ‘வலி’, ‘தண்ணி’, ‘போதும்’, ‘ஒன்னுக்கு வருது’ என்ற சொற்களை ஊழியர் படிக்கக்கூடிய எழுத்தில், பொருளோடு ஒட்டி வைத்தேன். அம்மா சில நாள்களில் பழைய பழக்கத்தில் வலிக்கிறது என்பதை ‘சாக்கிட்’ என்று மலாயில் சொல்வார் என்பதால் அதையும் சேர்த்தேன். இப்போது வருகிற மியன்மார்ப் பெண் இரண்டாம் வாரமே அந்தத் தாளைப் பார்க்காமல், ‘அம்மா, தண்ணி வேணுமா?’ என்று கேட்டார். எந்தச் சான்றிதழையும்விட அந்தக் கேள்வி எனக்கு அதிகம் சொன்னது.

முதல் ஓரிரு முறை வீட்டை விட்டுப் போகாமல் அடுத்த அறையில் இருந்து கவனியுங்கள். தொடுவதற்கு முன் கை கழுவினாரா, என்ன செய்யப்போகிறார் என்பதைச் சொல்லிவிட்டுத் தொட்டாரா, இடம் மாற்றும் முன் சக்கர நாற்காலியின் பிரேக்கைப் போட்டாரா என்று பாருங்கள். பக்கவாதம் வந்த கையைப் பிடித்தோ அக்குளில் கை கொடுத்தோ இழுத்துத் தூக்கினால் தோள்மூட்டு பாதிக்கப்படும். அதை அன்றே நிறுத்தச் சொல்ல வேண்டும். ஊட்டும்போது முதியவர் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும், ஒரு வாய் விழுங்கிய பிறகே அடுத்த கரண்டி வர வேண்டும், உண்ட பின் குறைந்தது அரை மணி நேரம் படுக்க வைக்கக்கூடாது. விழுங்கச் சிரமப்படுபவருக்காகத் தண்ணீரைக் கெட்டியாக்கும் மாவை, மருத்துவமனையில் சொன்ன கணக்குப்படி அளவுகரண்டியால் போடுகிறாரா, கண் மதிப்பில் கொட்டுகிறாரா என்பதையும் கவனிக்க வேண்டும். டயப்பர் மாற்றும் முன் நடைபாதைப் பக்கச் சன்னலைத் தாமாகவே சாத்துகிற ஊழியர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள். கேமரா வைத்திருந்தால் அதை ஊழியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் முறை.

நீங்கள் வெளியே போய்த் திரும்பும் நாள்களில் குறிப்பேட்டைப் படிப்பதற்கு முன் உடம்பைப் பாருங்கள். குதிகால், இடுப்பின் பின்புற எலும்பு, புட்டம் ஆகிய இடங்களில் தோல் சிவந்து, விரலால் அழுத்தினாலும் வெளுக்காமல் இருந்தால் படுக்கைப் புண் தொடங்குகிறது என்று பொருள். இந்த அறிவுரை பெரும்பாலும் வெளிர்நிறத் தோலை மனத்தில் வைத்துச் சொல்லப்படுகிறது. நம்மவர்களின் கருத்த தோலில் சிவப்பு தெரியாமலே போகலாம் என்பதால், புறங்கையால் தொட்டு, சுற்றியுள்ள தோலைவிட அந்த இடம் சூடாகவோ இறுகியோ கொழகொழப்பாகவோ இருக்கிறதா, தொட்டால் முகம் சுளிக்கிறாரா என்று பார்க்க வேண்டும். அதன் பிறகு தண்ணீர்ப் போத்தலில் நீங்கள் போட்டு வைத்த கோடு, மாற்றிய டயப்பர்களின் எண்ணிக்கை, மாத்திரைப் பெட்டி ஆகியவற்றைப் பாருங்கள். ‘நன்றாகச் சாப்பிட்டார்’ என்ற குறிப்பால் பயனில்லை. ‘1 மணிக்கு அரைக் கிண்ணம் கஞ்சி, இரண்டு முறை இருமல்’ என்ற குறிப்பை மருத்துவரிடமே காட்டலாம். முதுமை மறதி உள்ளவர்களுக்குச் சாயங்காலத்தில் பதற்றம் கூடுவது உண்டு என்பதால், ஒருநாள் கலக்கத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல், நான்கு வாரமாவது சேவை இருந்த நாள்களையும் இல்லாத நாள்களையும் ஒப்பிடுங்கள்.

குறை தெரிந்தால் நாள், நேரம், நடந்தது என்ன என்பதை எழுதி நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளருக்கு அனுப்புங்கள். ஆனால், விரல் பதிந்தது போன்ற கன்றல்களோ, ஊழியரைக் கண்டதும் முதியவர் உடல் குறுகுவதோ தெரிந்தால் நான்கு வாரம் காத்திருக்கக்கூடாது. சேவையை உடனே நிறுத்திவிட்டு, வன்முறை குறித்துப் புகார் செய்வதற்காக 24 மணி நேரமும் இயங்கும் தேசிய உதவி எண் 1800 777 0000ஐ அழையுங்கள். உடனடி ஆபத்து என்றால் காவல்துறையின் 999.

இனி உங்கள் பக்கம். சேவை நேரத்தில் எத்தனை முறை கைப்பேசியை எடுத்துப் பார்த்தீர்கள், அந்த நேரம் எதில் போனது என்று நான்கு வாரம் குறித்து வாருங்கள். என் குறிப்பைப் புரட்டிப் பார்த்தபோது, முதல் இரண்டு மாதங்களில் நான் போனது ஈரச்சந்தைக்கும் மருந்தகத்துக்கும் மட்டுமே என்று தெரிந்தது. இல்லப் பணிப்பெண் இருக்கும் வீடுகளில் இன்னொன்றும் நடக்கிறது. 2023 ஜனவரி 1 முதல், அவருக்கு மாதத்தில் ஒரு நாளாவது, பணம் கொடுத்து ஈடுகட்ட முடியாத ஓய்வு நாளாகத் தரப்பட வேண்டும். அது அவருக்கு நியாயமாகச் சேர வேண்டியது. ஆனால், சேவை நேரம் முழுவதும் அந்த நாளை ஈடுகட்டவே செலவானால், குடும்பத்தில் பராமரிப்பவருக்கு ஒரு மணி நேர ஓய்வும் கிடைக்கவில்லை என்றே கணக்கில் எழுத வேண்டும்.

பராமரிப்பவரின் சுமையை அளக்க ‘ஸாரிட்’ அளவீடு என்ற வினாப்பட்டியல் உலகெங்கும் பயன்படுகிறது. 22 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 88. கூடுதல் மதிப்பெண் என்றால் கூடுதல் சுமை. சேவை தொடங்கும் முன் ஒருமுறையும் இரண்டு மாதம் கழித்து ஒருமுறையும் நிரப்பி, உங்கள் பழைய எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள். ‘பெத்த தாயைக் கூலிக்காரி கையில விட்டுட்டு ஊர் சுத்தப் போறா’ என்று உறவில் யாராவது சொல்வார்கள், எனக்கும் சொன்னார்கள். அந்தப் பேச்சு மனத்தில் ஏறினால் வினாத்தாளில் பொய்யாகப் பதிலெழுதத் தோன்றும் என்பதால், தனியாக உட்கார்ந்து நிரப்புங்கள்.

முதியவரின் நிலை நன்றாக இருந்தும் உங்கள் எண் குறையவில்லை என்றால், ஊழியரை மாற்றுவதால் பயனில்லை. கிடைக்கும் நேரம் போதவில்லை. மேலே சொன்ன அதே ஏஐசி எண்ணில், வாரயிறுதியில் பராமரிப்பு நிலையத்தில் விட முடியுமா, தாதிமை இல்லத்தில் சில நாள் தங்க வைக்க முடியுமா என்று கேளுங்கள். அப்படித் தங்கித் திரும்பும் நாளிலும் முதல் வேலையாகக் காலுறையைக் கழற்றிக் குதிகாலைத் தொட்டுப் பாருங்கள்.