ரோடு சைக்கிள் ஓட்டத் தொடங்குகிறீர்களா? முதலில் சீட், அப்புறம் காற்று

ரோடு சைக்கிள் வாங்கிய புதிதில் முழங்கால் வலிக்கும், உள்ளங்கை மரத்துப்போகும், கொஞ்ச தூரத்திலேயே மூச்சு வாங்கும். "நமக்கு இது ஒத்துவராதோ" என்ற சந்தேகம் தலைகாட்டும். பல நேரம் குறை உடம்பில் இல்லை. சீட் இரண்டு விரற்கடை தாழ்ந்திருக்கும், டயரில் பாதிக் காற்றுதான் இருக்கும், செயின் காய்ந்து கிடக்கும். மூன்றையும் வீட்டிலேயே சரிசெய்யலாம்.

எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியவை: அழுத்தம் காட்டும் பம்ப், ஆலன் கீ செட் (அறுகோணத் திருகுச் சாவிகள்), இரண்டு டயர் லீவர் (டயரை நெம்பி எடுக்கும் பட்டை), ஒரு மாற்று டியூப், செயின் எண்ணெய், பழைய துணி.

சீட் உயரம்

சைக்கிளைச் சுவரோரம் நிறுத்தி, சுவரைப் பிடித்தபடி ஏறி உட்காருங்கள். வழக்கமாக ஓட்டும் ஷூ காலில் இருக்கட்டும். குதிகாலைப் பெடல் மேல் வைத்து மெதுவாகப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். பெடல் அடிமட்டத்துக்கு வரும்போது கால் நேராக நீண்டிருக்க வேண்டும். எட்டுவதற்காக இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தால் சீட் அதிக உயரம். முழங்கால் மடங்கியே இருந்தால் தாழ்வு. சரியாக வந்தபின் பாதத்தின் முன்பகுதியைப் பெடலில் வையுங்கள், முழங்கால் தானாகவே லேசாக மடங்கும். அந்த மடிப்புதான் நமக்கு வேண்டியது.

ஓட்டிப் பார்த்து, ஒரு தடவைக்கு 5 மில்லிமீட்டர் மட்டும் ஏற்றி இறக்குங்கள். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு, பின்பக்கம் வலித்தால் உயரம். சீட் தண்டில் ஒரு எல்லைக்கோடு இருக்கும். அது வெளியே தெரியும் அளவுக்கு ஏற்றக் கூடாது.

இந்த உயரத்தில் உட்கார்ந்தபடியே தரையில் கால் ஊன்ற முடியாது. பயப்பட வேண்டாம், அப்படித்தான் இருக்கும். நிற்கும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி ஒரு காலை ஊன்றுவதே முறை. ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் இதைப் பத்து முறை செய்து பாருங்கள், பழகிவிடும்.

காற்று

டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண் உச்ச வரம்பு. அதுவரை அடித்தே தீர வேண்டும் என்று பொருளில்லை. 28 மில்லிமீட்டர் அகல டியூப் டயரும் 70 கிலோ எடையும் என்றால், அந்த வரம்புக்குள் 70 முதல் 80 பிஎஸ்ஐ (பம்பில் காட்டும் அழுத்த அளவு) வரை வைத்துத் தொடங்கலாம். எடை அதிகம் விழும் பின் சக்கரத்துக்குச் சில பிஎஸ்ஐ கூடுதல். கல் மாதிரி இறுகிய டயர் வேகமாக ஓடும் என்று பலர் நம்புகிறார்கள். கரடுமுரடான சாலையில் அது துள்ளித் துள்ளி வேகத்தைக் குறைக்கத்தான் செய்யும். 1880களில் ஜான் பாய்ட் டன்லப் என்பவர் தன் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த டயர் செய்ததே குலுக்கலைக் குறைக்கத்தானே!

ரோடு சைக்கிள் வால்வு பெரும்பாலும் ஒல்லியானது, பிரெஸ்டா வகை. நுனியிலுள்ள குட்டித் திருகைத் தளர்த்தி, ஒருமுறை அழுத்தி 'புஸ்' சத்தம் கேட்ட பிறகே பம்பைப் பொருத்துங்கள். பஞ்சர் இல்லாவிட்டாலும் இந்த டியூபில் நாளுக்கு நாள் காற்று குறையும். வாரத்துக்கு இரண்டு தடவையாவது பாருங்கள்.

கிளம்பும் முன், ஓட்டும்போது

டயரை விரலால் அழுத்துங்கள், இரண்டு பிரேக்கையும் பிடித்து வண்டியை முன்னே தள்ளுங்கள், பெடலைப் பின்னோக்கிச் சுற்றிச் செயின் தடையில்லாமல் ஓடுகிறதா என்று பாருங்கள். ஒரு நிமிட வேலை. ஹெல்மெட் வார் தாடைக்கடியில் இறுக்கமாக இருக்கட்டும்.

கனமான கியரில் மிதித்து முழங்காலை நோகடிக்காதீர்கள். 15 விநாடியில் வலது முழங்கால் எத்தனை முறை மேலே வருகிறது என்று எண்ணுங்கள். 20 வந்தால் நிமிடத்துக்கு 80 சுற்று, நல்ல வேகம். மேடு வரும் முன்பே கியரைக் குறையுங்கள். ஏறத் தொடங்கிய பிறகு அழுத்தி மிதித்தபடி மாற்றினால் செயின் அலறும்.

செயின்

துணியால் செயினைப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்னோக்கிச் சுற்றிக் கறுப்பைத் துடையுங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணியின் உருளை மேலும் ஒரு சொட்டு. பத்து நிமிடம் ஊறட்டும். அப்புறம் முக்கியமான வேலை: வெளிப்பக்க எண்ணெய் முழுவதையும் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வேலை செய்வது உருளைக்குள். வெளியே நிற்பது மண்ணைத்தான் பிடிக்கும். சமையல் எண்ணெய் வேண்டாம், பிசினாகிவிடும். டிஸ்க் பிரேக் வண்டியானால் தட்டில் ஒரு துளியும் படக் கூடாது.

பஞ்சர்

செயினைப் பின்பக்கத்தின் ஆகச் சிறிய பல்சக்கரத்துக்கு மாற்றிவிட்டுச் சக்கரத்தைக் கழற்றுங்கள். லீவரால் டயரின் ஒரு விளிம்பை மட்டும் நெம்பி எடுத்து, டியூபை உருவுங்கள்.

இங்கேதான் நான் ஒருமுறை ஏமாந்தேன். அவசரத்தில் புது டியூபைப் போட்டுக் கிளம்பினேன். 200 மீட்டர்கூடப் போகவில்லை, மறுபடி 'புஸ்'. நெல் உமி அளவு முள் டயருக்குள்ளேயே குத்தி நின்றிருக்கிறது. மாற்று டியூபும் போயிற்று, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். அதனால் டயரின் உட்புறத்தை விரல்நுனியால் மெல்லத் தடவிப் பார்க்காமல் எதையும் மாட்டாதீர்கள். டியூபில் பாம்புக் கடி போல அருகருகே இரண்டு ஓட்டை இருந்தால் முள்ளைத் தேட வேண்டியதில்லை: காற்று குறைவாக இருந்து, பள்ளத்தில் விழுந்து, டியூப் ரிம்மில் நசுங்கியிருக்கிறது.

புது டியூபில் உருண்டை வடிவம் வரும் அளவுக்குக் காற்றடித்து உள்ளே வையுங்கள். வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி, இரு கட்டைவிரல்களாலும் விளிம்பை உள்ளே தள்ளிக்கொண்டே வந்து வால்வில் முடியுங்கள். கடைசி நாலு அங்குலம் அடம்பிடிக்கும். அப்போது லீவரை எடுத்தால் புது டியூபிலும் ஓட்டை விழலாம். எதிர்ப்பக்க விளிம்பை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் அழுத்திவிட்டால் கொஞ்சம் தொய்வு கிடைக்கும். டியூப் எங்கும் விளிம்பில் சிக்கவில்லை என்று சுற்றிலும் பார்த்த பிறகே முழுக் காற்று.

பஞ்சராகும் வரை காத்திருக்காமல் இதை வீட்டில் ஒருமுறை செய்து பாருங்கள், அதுவும் பின் சக்கரத்திலேயே. அது கைவந்துவிட்டால் முன் சக்கரம் தண்ணீர் பட்ட பாடு.