பைபரிக்குப் போகிறீர்களா? காலையிலேயே போய்விடுங்கள்

இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் பகுதியில், கோல்ன் ஆற்றங்கரையில் இருக்கிறது பைபரி கிராமம். காலை ஒன்பது மணிக்குள் போய்விடுவது நல்லது. கூட்டம் சேர்ந்துவிட்டால் நிம்மதியாக ஒரு படம்கூட எடுக்க முடியாது.

எல்லோரும் தேடி வருவது ஆர்லிங்டன் ரோ வரிசை வீடுகளைத்தான். 1380 வாக்கில் கம்பளிக் கிடங்காகக் கட்டப்பட்டு, 17ஆம் நூற்றாண்டில் நெசவாளர் குடியிருப்பானவை. தேன் நிறச் சுண்ணாம்புக்கல் சுவர்கள், கல் ஓடு வேய்ந்த செங்குத்தான கூரைகள். எதிரே உள்ள ஈரப் புல்வெளியையும் விட்டுவிடாதீர்கள். ராக் ஐல் என்று பெயர். அந்தக் காலத்தில் கம்பளியைச் சட்டங்களில் மாட்டிக் காயவைத்த இடம். இப்போது வாத்துகளின் ராஜ்ஜியம்!

வீடுகளில் இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். ஜன்னலில் எட்டிப் பார்ப்பது அநாகரிகம். ஊரில் ரயில் நிலையம் கிடையாது. பக்கத்து நகரமான சிரன்செஸ்டரிலிருந்து சுமார் 11 கி.மீ. பஸ்ஸில் போகிறவர்கள் திரும்பும் நேரத்தை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.