அதிர்வு மேடையில் ஏறுவதற்கு முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் ஒரு கடையை ஒரு மாதத்திற்கு வாடகைக்கு எடுத்து, ஏறி நின்றால் மின்சாரத்தில் அதிரும் அதிர்வு மேடைகளை வரிசையாக வைத்து, வந்தவர்களையெல்லாம் இலவசமாக ஏற்றி நிறுத்தினார்கள். தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் ரப்பர் பால்மரம் வெட்டிய என் அம்மாவும் தினமும் போனார். "ஆண்ட்டி, பத்து நிமிஷம் நின்னா போதும், ஒரு மணி நேரம் நடந்த மாதிரி" என்று அங்கிருந்த பெண் சொன்னதை நம்பி, கடைசியில் தவணைக்கு ஒன்றை வாங்கியும் வந்துவிட்டார். மூன்றாம் நாள் இரவு அவர் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடும்போதுதான், வலது கட்டைவிரலுக்குக் கீழே காசளவு கொப்புளம் ஒன்று உடைந்து ஈரமாக இருப்பதைப் பார்த்தேன். மேடையின் மேல் இருந்த ரப்பர் குமிழ்கள் உரசி உண்டான புண் அது. பன்னிரண்டு ஆண்டுகளாக இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர், பாதம் மரத்துப்போயிருந்தது என்பதால் அவருக்கு அது வலிக்கவே இல்லை. அந்தப் புண் ஆறும் வரை நான் தேடிப் படித்தவற்றை, இந்த மேடையில் ஏற நினைக்கும் ஒவ்வொரு தோட்டக் குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

இந்த மேடையில் நின்று செய்யும் முழு உடல் அதிர்வுப் பயிற்சி என்பது பொய் வித்தை அல்ல. மேடை விநாடிக்குப் பல முறை அதிரும்போது கால் தசைகள் நொடிக்கு நொடி சற்று நீண்டு சுருங்குகின்றன; அந்த நீட்சியை உணரும் நரம்புகள் முதுகுத்தண்டு வழியாகத் தசையை இறுகச் செய்கின்றன. நாம் நினைக்காமலேயே நடக்கும் அனிச்சைச் செயல் இது. நடக்கவே சிரமப்படும் முதியவர்கள் சிலருக்கு, பயிற்றுநரின் மேற்பார்வையில் இதைச் செய்யும்போது கால் வலுவும் சமநிலையும் ஓரளவு கூடுகின்றன. ஆனால் அந்த "ஓரளவு" என்ற சொல்லைத்தான் விற்பவர்கள் விழுங்கிவிடுகிறார்கள்.

முதல் தவறு, மேடையை நடைக்கு மாற்றாக எண்ணுவது. இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் ஆட்டிலும் எலியிலும் போய் நிற்கிறது. 2001இல் கிளின்டன் ரூபின் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வெளியிட்ட ஆய்வில், செம்மறியாடுகளின் பின்னங்கால்களை ஓராண்டு காலம் தினமும் 20 நிமிடம், விநாடிக்கு 30 முறை, மிக மென்மையாக அதிரவிட்டபோது, தொடை எலும்பின் உட்பகுதியில் உள்ள வலைப்பின்னல் போன்ற எலும்பு 34 விழுக்காடு கூடுதல் அடர்த்தியானது. உலகமே அதைப் பேசியது. ஆனால் 2011இல் டொராண்டோவில், மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த 202 பெண்களைக் கொண்டு ஓராண்டு நடத்திய சோதனையில், அதே மென்மையான அதிர்வு எலும்பில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் உண்டாக்கவில்லை. 2017இல் அமெரிக்காவின் அகஸ்டா பல்கலைக்கழகத்தில், உடல் பருமனும் நீரிழிவும் வரும்படி மரபணு மாறிய எலிகளைத் தினமும் 20 நிமிடம் அதிரவிட்டு, ஓடவிட்ட எலிகளுக்குக் கிடைத்ததைப் போன்ற பலன் சில அவற்றுக்கும் கிடைத்ததாக எழுதினார்கள். எலி என்ற சொல் உதிர்ந்து, "நின்றால் போதும்" என்பது மட்டும் கைப்பேசி வழியாக நம் வீட்டுக்கு வந்துசேர்ந்தது. தொப்பை குலுங்குவதால் கொழுப்பு கரைவதில்லை. இரத்தத்தில் உள்ள இனிப்பை எடுத்துச் செலவழிக்கத் தசைகள் வேலை செய்ய வேண்டும். காலையில் தமானை (குடியிருப்பை) சுற்றி நடக்கும் அரை மணி நேரம் அந்த வேலையைச் செய்கிறது.

வேகத்தைக் கூட்டினால் பலனும் கூடும் என்று எண்ணுவதுதான், என் கண்ணில், எல்லாவற்றையும்விட ஆபத்தான தவறு. வீட்டு மேடைகள் பலவற்றின் ரிமோட்டில் 1 முதல் 99 வரை எண்கள் இருக்கின்றன. விநாடிக்கு எத்தனை முறை அதிர்கிறது, எத்தனை மில்லிமீட்டர் ஏறி இறங்குகிறது என்பதை அவை சொல்வதில்லை. அசைவின் அளவு மாறாமல் வேகம் மட்டும் இரட்டிப்பானால், உடல் மீது விழும் தாக்கம் நான்கு மடங்காகும். நடுநிலையிலிருந்து 2 மில்லிமீட்டர் அசையும் மேடை விநாடிக்கு 15 முறை அதிரும்போது உச்ச முடுக்கம் புவியீர்ப்பைப் போல் 1.8 மடங்கு, 30 முறை அதிரும்போது 7.2 மடங்கு. ஆடுகளுக்குக் கொடுத்ததோ வெறும் 0.3 மடங்கு. ஆகவே அந்த ஆய்வைக் காட்டி இந்த மேடையை விற்பது, கஞ்சியைக் காட்டிக் கள்ளை விற்பதற்கு ஒப்பாகும்.

அதிர்வு முதுகை என்ன செய்யும் என்பதைத் தோட்டத்து மக்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. செம்பனைக் குலை ஏற்றும் டிராக்டரை ஓட்டிய என் அப்பா, மாலையில் வந்ததும் திண்ணையில் குப்புறப் படுத்து இடுப்பை மிதிக்கச் சொல்வார். உட்கார்ந்திருப்பவரின் முதுகெலும்பு விநாடிக்கு 4 முதல் 8 முறை வரையிலான குலுக்கத்தில் மிக அதிகமாக ஆடுகிறது. மேடு பள்ளத்தில் போகும் வண்டிகள் தருவதும் பெரும்பாலும் அந்தக் குலுக்கத்தையே. ஓட்டுநர்களின் இடுப்பு வலிக்கும் இதற்கும் தொடர்பு இருப்பதால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் தொழிலாளர் தாங்கக்கூடிய அதிர்வுக்குச் சட்டப்படி வரம்பு விதித்தது. வேலையிடத்தில் அளந்து குறைக்க வேண்டிய ஒன்றை, வீட்டில் அளவில்லாமல் பணம் கொடுத்து வாங்கக் கூடாது.

அடுத்தது நிற்கும் முறை. அம்மா முழங்காலை விறைப்பாக நீட்டி, கைப்பிடியை இறுகப் பற்றி நிற்பார். பேசினால் குரல் நடுங்கும், பற்கள் மெல்லத் தட்டும். முழங்கால் நேராக இருந்தால் அதிர்வு எலும்பு வழியே இடுப்புக்கும் தலைக்கும் ஏறிவிடுகிறது; சற்று மடக்கி, எடையைப் பாதத்தின் முன்பக்கம் கொண்டுவந்தால் தொடைத் தசைகள் அதை உள்வாங்கிக்கொள்கின்றன. தலை அதிர்வதை உணர்ந்தால் நிற்கும் முறை தவறு என்று பொருள். மேடையில் உட்காருவதும், படுத்துத் தலையையோ முதுகையோ அதன்மேல் வைப்பதும் கூடவே கூடாது. கைப்பிடியை விழாமல் இருப்பதற்காக மட்டும் இலேசாகத் தொட்டுக்கொள்ள வேண்டும். பத்து நிமிடம் தொடர்ந்து நிற்பதும் வேண்டாம்: அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை நின்று, அதே அளவு இறங்கி ஓய்வெடுத்து, சில சுற்றுகள் செய்தால் தொடக்கத்திற்கு அது தாராளம். வயிறு நிறையச் சாப்பிட்டதும் ஏறினால் குமட்டும். காலில் வரும் சிவப்பும் அரிப்பும் தோலில் இரத்த ஓட்டம் கூடுவதால் உண்டாவது, இறங்கியதும் தணிந்துவிடும்.

யார் ஏறக் கூடாது என்று கேட்காமல் ஏறுவதை மன்னிக்க முடியாத தவறு என்றே சொல்வேன். கர்ப்பிணிகள், பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி) பொருத்தியவர்கள், அண்மையில் அறுவைச் சிகிச்சையோ எலும்பு முறிவோ கண்டவர்கள், காலில் இரத்தம் உறைந்தவர்கள், வலிப்பு நோய் உள்ளவர்கள், விழித்திரைக் கோளாறு உள்ளவர்கள், சிறுநீரகத்திலோ பித்தப்பையிலோ கல் உள்ளவர்கள் மருத்துவர் அனுமதிக்காமல் இதைத் தொடக் கூடாது. செயற்கை மூட்டு வைத்தவர்களும் முதலில் கேட்க வேண்டும். நம்மிடையே இது எவ்வளவு பெரிய கூட்டம் என்பதை நினைத்துப் பாருங்கள்: 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் 18 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. நீரிழிவு விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்களையும் பாதத்தின் உணர்வையும் சத்தமில்லாமல் கெடுக்கும் நோய். கண் பரிசோதனை செய்யாத, பாதம் மரத்துப்போன ஒருவரை அதிரும் ரப்பர் குமிழ்களின் மேல் நிறுத்துவதற்கு முன், அந்தக் கடையில் யாரும் அம்மாவிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

வாங்கியாகிவிட்டது என்றால், அடுத்த முறை அரசாங்கக் கிளினிக்கிற்கு மருந்து எடுக்கப் போகும்போது மேடையின் படத்தையும் அதன் கையேட்டையும் டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள். அனுமதி கிடைத்தால் மிகக் குறைந்த வேகத்தில், பக்கத்தில் ஓர் ஆள் இருக்கும்போது, வாரத்திற்கு இரண்டு மூன்று நாள் மட்டும் தொடங்குங்கள். இனிப்பு நீர் உள்ளவர்கள் காலுறை அணிந்து ஏறி, இறங்கியதும் இரு பாதங்களின் அடிப்பக்கத்தையும் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். பார்வை மங்கியவர்களுக்கு வீட்டில் உள்ளவர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். தலைச்சுற்றல், கண்முன் கறுப்புப் புள்ளிகள் மிதப்பது, விலாவிலோ முதுகிலோ திடீர் வலி, கால் ஆடுதசை வீங்கி வலிப்பது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் இறங்கி, அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.