பச்சரிசியைக் களத்தில் இறக்குவது எப்படி

எங்கள் மளிகைக் கடை மலேசியாவின் சுங்கை சிப்புட் பழைய கடைவரிசையில் இருக்கிறது. மத்தியானம் இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை ஈ காக்கை எட்டிப் பார்க்காது. அந்த நேரத்தில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, போக்கிமோன் என்ற பிராணிகளை வளர்த்துச் சண்டைக்கு விடும் போக்கிமோன் ஸ்கார்லெட் வீடியோ கேம் ஆடுவேன். ஒருநாள் அப்பா திரையில் நின்ற மின்சார அணிலைப் பார்த்துவிட்டு, "இதுக்கு என்னம்மா பேரு?" என்றார். "பச்சிரிசு" என்றேன். "பச்சரிசியா? கிலோ என்ன விலை?" என்று கேட்டுவிட்டு மூட்டையை நகர்த்தப் போய்விட்டார். அன்றிலிருந்து எங்கள் கடையில் அதற்குப் பச்சரிசி என்றுதான் பெயர்.

எல்பில் தோட்டத்துப் பக்கமிருந்து மோட்டாரில் வரும் பையன்கள் சனிக்கிழமை சாயங்காலம் என்னோடு இரட்டையர் சண்டை போடுவார்கள். ஆறு போக்கிமோனைக் காட்டி, நான்கைத் தேர்ந்தெடுத்து, இரண்டிரண்டாக இறக்கும் ஆட்டம். தோற்றுப்போனால் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: "இந்த அணிலை வெச்சு எப்படிக்கா ஜெயிக்கிறீங்க?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

முதலில் கணக்கு. பச்சிரிசுவின் அடிப்படை எண்கள்: உயிர் 60, தாக்குதல் 45, தற்காப்பு 70, சிறப்புத் தாக்குதல் 45, சிறப்புத் தற்காப்பு 90, வேகம் 95. கூட்டினால் 405. பையன்கள் வைத்திருக்கும் டிராகபல்டுக்கும் கார்சோம்புக்கும் தலைக்கு 600. கூட்டுத்தொகையைப் பார்த்தால் வாங்கவே மாட்டோம். ஆனால் கூட்டுத்தொகை சண்டை போடுவதில்லை. நான் முதலில் செய்த தப்பும் அதுதான். மின்சார அணில்தானே என்று தண்டர்போல்ட் கற்றுக்கொடுத்து அடிக்க அனுப்பினேன். 45-ஐ வைத்துக்கொண்டு யாரை அடிப்பது? பாறாங்கல்லில் விரலால் சுண்டியது மாதிரி இருந்தது. இரண்டு வாரம் தோற்ற பிறகுதான் அடிக்கிற வேலையை அதனிடமிருந்து பிடுங்கினேன்.

இதையெல்லாம் நான் கண்டுபிடிக்கவில்லை. 2014-இல் வாஷிங்டனில் நடந்த உலகப் போட்டியில் தென்கொரியாவின் செ ஜுன் பார்க் பச்சிரிசுவை அணியில் வைத்துக்கொண்டுதான் பட்டம் வென்றார். அவருடைய அணியில் கியாரடோஸ் என்ற பெரிய மீனும் இருந்தது. அந்த ஜோடியைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

கியாரடோஸ் நீரும் பறவையும் சேர்ந்த இனம். மின்சாரம் பட்டால் நான்கு மடங்கு வலிக்கும். எதிராளி மின்சாரக்காரனை இறக்கினால் கியாரடோஸுக்கு அன்றைக்குச் சங்குதான். பக்கத்தில் பச்சரிசி நின்று ஃபாலோ மீ என்ற வித்தையைப் போட்டால், ஒருவரைக் குறிவைத்து வரும் அடிகள் எல்லாம் அதன் மேல் திரும்பும். அதன் மறைமுகத் திறன் வோல்ட் அப்சார்ப். மின்சார அடி பட்டால் காயமே ஆகாது, உயிரில் கால் பங்கு ஏறும். எதிராளி கியாரடோஸைக் கொல்ல அனுப்பிய மின்னல் அணிலுக்குப் பசியாறலாகப் போய்ச் சேர்கிறது. ஃபாலோ மீ போடும் போக்கிமோன் எத்தனையோ உண்டு, இதைவிடத் தடித்தவையும் உண்டு. மின்சாரத்தைத் தின்றுகொண்டே ஃபாலோ மீ போடுகிறதே, அதற்காகத்தான் இதை வைத்திருக்கிறேன். உங்கள் அணியில் மின்சாரத்துக்குப் பயப்படுகிற பெரிய ஆள் இல்லையென்றால் பச்சரிசியை விட்டுவிடுங்கள். அழகாக இருக்கிறது என்பதற்காக ஓர் இடத்தை வீணாக்க வேண்டாம்.

இதில் இன்னொரு லாபம் இருக்கிறது, பையன்கள் கவனிப்பதே இல்லை. ஸ்கார்லெட்டில் ஒரு போக்கிமோனின் இனத்தையே மாற்றும் டெரா மாற்றம் ஓர் ஆட்டத்துக்கு ஒரே ஒரு தடவைதான். மற்றவர்கள் கியாரடோஸை மின்சாரத்திலிருந்து காப்பாற்ற அந்த ஒன்றையும் அங்கேயே செலவழித்துவிடுவார்கள். பச்சரிசி பக்கத்தில் நின்றால் அந்தச் செலவு மிச்சம். டெராவை வேறொரு ஆளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

இப்போது வளர்ப்பு. தரவரிசை ஆட்டத்தில் எல்லாப் போக்கிமோனும் 50-ஆம் நிலைக்கு வந்துவிடும். உயிர், தற்காப்பு போன்ற குணங்களை ஏற்ற நாம் போடும் வளர்ப்புப் புள்ளிக்கு இ.வி. என்று பெயர். அது மொத்தம் 510, ஒரு குணத்துக்கு அதிகபட்சம் 252. உயிருக்கு 252, தற்காப்புக்கு 252, சிறப்புத் தற்காப்புக்கு 4. இயல்பு, தற்காப்பைக் கூட்டும் இம்பிஷ். அப்படி வளர்த்தால் உயிர் 135-லிருந்து 167 ஆகும், தற்காப்பு 90-லிருந்து 134 ஆகும். சிறப்புத் தற்காப்பு ஏற்கெனவே பரவாயில்லை, 111 வரும். வேகத்துக்கு ஒன்றும் போடவில்லை, 115-இல் நிற்கும். தாக்குதலைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஒரு சத்து பாட்டில் 10 புள்ளி தரும் என்பதால் ஒரு குணத்தை நிரப்ப 26 பாட்டில், இரண்டுக்கும் சேர்த்து 52. ஆட்டத்துக் காசு என்றாலும் கடைக்காரி மனசு கொஞ்சம் பதறத்தான் செய்தது. கையில் சிட்ரஸ் பெர்ரி கொடுங்கள். உயிர் பாதிக்குக் கீழே இறங்கியதும் கால் பங்கு திரும்பும், இதற்கு அது 41. வோல்ட் அப்சார்ப் சாதாரணமாகப் பிடித்த பச்சிரிசுவிடம் இருக்காது, மறைமுகத் திறனைத் திறந்துவிடும் அபிலிட்டி பேட்ச் என்ற பொருள் ஒன்று செலவாகும். ஃபாலோ மீ முட்டை வழியாக வருகிற வித்தை. அதைத் தெரிந்த ஒன்றோடு, மிரர் ஹெர்ப் என்ற பொருளைப் பிடித்துக்கொண்டு, நான்கு வித்தைகளில் ஓர் இடத்தைக் காலியாக விட்டு, பிக்னிக்கில் உட்கார வைத்தால் கற்றுக்கொள்ளும்.

மற்ற மூன்று வித்தைகள் நசல், சூப்பர் ஃபேங், அந்தச் சுற்றில் அடி படாமல் காக்கும் புரொடெக்ட். இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

சூப்பர் ஃபேங் எதிராளிக்கு மிச்சமிருக்கும் உயிரில் பாதியைக் கடித்துவிடும். கடிக்கிறவனுடைய தாக்குதல் 45-ஆ 145-ஆ என்று அது பார்ப்பதில்லை. நன்றாக வளர்த்த டோன்டோசோவின் உயிர் 257. மலை மாதிரி உட்கார்ந்திருக்கும் அந்த மீனிடமிருந்து ஒரே கடியில் 128 போகும். அதனால் பெரிய ஆள் முழு உயிரோடு இருக்கும்போதே கடியுங்கள். உயிர் 20 இருக்கும்போது கடித்தால் 10 தான் போகும், அந்தச் சுற்று வீண். பத்தில் ஒரு தடவை குறி தப்பும், பேய் இனத்தைத் தொடவே தொடாது.

நசல் காயப்படுத்தாது என்றே சொல்லலாம். பட்டால் கட்டாயம் வாதம் வரும், வாதம் வந்தால் வேகம் பாதி. முழு வேகத்தில் வளர்த்த டிராகபல்ட் 213-இல் ஓடும். வாதம் வந்தால் 106. வேகத்துக்கு 252 போட்ட கியாரடோஸ் 133, அடுத்த சுற்றில் முந்திவிடும். நாலில் ஒரு தடவை அது அசையாமலும் நிற்கும், ஆனால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். வேகம் பாதியானதே போதும். எங்கள் ஊர்ப் பெயருக்கே மலாயில் நத்தை ஆறு என்றுதான் அர்த்தம். எதிராளியையும் நம் ஊர்க்காரனாக்கிவிடுகிறோம், அவ்வளவுதான்.

வாதம் வரவைக்கத் தண்டர் வேவ் போதாதா என்று ஒரு தம்பி கேட்டான். எதிராளி டான்ட் போட்டால் மூன்று சுற்றுக்கு ஃபாலோ மீ, புரொடெக்ட், தண்டர் வேவ் எதுவும் வேலை செய்யாது. நசலும் சூப்பர் ஃபேங்கும் அடிக்கிற வித்தைகள் என்பதால் டான்ட் அவற்றைத் தடுக்காது. வாயைக் கட்டினாலும் பல் மிச்சமிருக்கும்.

ஆட்டத்தைத் தொடங்கும் விதம். கியாரடோஸும் பச்சரிசியும் முதலிலேயே இறங்கட்டும். இறங்கியதும் கியாரடோஸின் இன்டிமிடேட் எதிரே நிற்கும் இருவரின் தாக்குதலையும் ஒரு படி குறைக்கும். அதில் அதிகம் பிழைப்பது கியாரடோஸ் இல்லை, பக்கத்தில் அடி வாங்கப் போகும் அணில். முதல் சுற்றில் ஃபாலோ மீ, கியாரடோஸுக்கு டிராகன் டான்ஸ். தாக்குதலும் வேகமும் ஒன்றரை மடங்காகும், 133 வேகம் 199 ஆகிவிடும். இரண்டாவது சுற்றிலிருந்து நிலைமையைப் பார்த்து நசல் அல்லது சூப்பர் ஃபேங். அணில் செத்தால் அழ வேண்டாம். அது வாங்கிய ஒவ்வொரு அடியும் கியாரடோஸ் வாங்காத அடி. ராமர் அணில் கதையைச் சொல்லி யாரும் என்னைத் தேற்ற வேண்டாம். அது மண் சுமந்தது, இது உதை வாங்குகிறது. இரண்டும் வேறு வேலை.

எங்கே சறுக்கும் என்பதும் எனக்குத் தெரியும், ஏனென்றால் தோற்ற ஆட்டத்தை எல்லாம் கடன் எழுதும் 555 நோட்டில் எழுதி வைக்கிறேன். ஒரு பக்கம் வாடிக்கையாளர் பாக்கி, மறு பக்கம் அணில் செத்த காரணம். முதல் சில பக்கங்களில் திரும்பத் திரும்ப வந்த சொல் ஃபேக் அவுட். அது ஃபாலோ மீயை விட முந்தி வரும் ஓர் அடி. பட்டால் அணில் மிரண்டுபோய் அந்தச் சுற்றில் ஒன்றும் செய்யாது, கியாரடோஸ் வெட்டவெளியில் நிற்கும். ஃபேக் அவுட் களத்தில் இறங்கிய முதல் சுற்றில் மட்டும்தான் செல்லும். எதிரே அதைத் தெரிந்த ஆள் இருந்தால் முதல் சுற்றில் இரண்டு பேருக்கும் புரொடெக்ட் போட்டு அதைக் கழித்துவிடுவேன். கியாரடோஸிடமும் புரொடெக்ட் இருக்க வேண்டும் என்பது அப்படித்தான் புரிந்தது.

இரண்டாவது, இரண்டு பேரையும் சேர்த்து அடிக்கும் வித்தைகள். ராக் ஸ்லைடு, எர்த்குவேக் மாதிரியானவற்றை ஃபாலோ மீ திருப்பாது. மூன்றாவது, கோவர்ட் குளோக் போட்டிருப்பவன் மேல் நசல் பட்டால் காயம் மட்டும்தான், வாதம் வராது. மண் இனத்துக்கு நசல் படவே படாது, மின்சார இனத்துக்கு வாதம் வராது. எதிராளி காட்டும் ஆறில் மண் இனம் இரண்டு மூன்று தெரிந்தால் நான் அணிலை எடுப்பதே இல்லை. ஆறில் நான்கைத்தானே எடுக்கிறோம்.

நோட்டில் ஒரு வரி மட்டும் சிவப்புப் பேனாவில் இருக்கிறது. என் கியாரடோஸுக்கு நானே எர்த்குவேக் கற்றுக்கொடுத்திருந்தேன். மும்முரமாக ஆடிக்கொண்டிருந்தபோது ஒரு மாமி வந்து நல்லெண்ணெய் கேட்டார். எடுத்துக் கொடுத்துவிட்டு அவசரமாக வந்து பொத்தானை அழுத்தினேன். எர்த்குவேக் பக்கத்தில் நிற்கும் நம் ஆளையும் அடிக்கும், மின்சார இனத்துக்கு அது இரு மடங்கு. எதிராளி தொடக்கூட இல்லை, என் மீனே என் அணிலைக் கொன்றது. எதிரே உட்கார்ந்திருந்த பையன் ஸ்டூலிலிருந்து விழுந்து சிரித்தான். அன்றைக்கே எர்த்குவேக்கை எடுத்துவிட்டு வாட்டர்ஃபாலை வைத்துவிட்டேன். அந்த மாமி மட்டும் எண்ணெய்க் காசை இன்னும் தரவில்லை. அதுவும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது.