பழைய ரேஸ் காரில் ஏற்காடு ஏறி இறங்குவது எப்படி

ஆஸ்டின் செவன் என்று ஒரு குட்டி இங்கிலீஷ் கார், 1922-ல் வந்தது, இன்ஜின் வெறும் 747 சி.சி. அதன் பாடியைக் கழற்றிவிட்டு லேசான ரேஸ் பாடி மாட்டி ஓட்டியவர்கள் அந்தக் காலத்தில் ஏராளம். அப்படி ஒன்று உங்கள் கைக்கு வந்தால், சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குக் காலை ஆறு மணிக்கே கிளம்பிவிடுங்கள். வெயிலுக்காகவும், டூரிஸ்ட் வண்டிகளுக்காகவும்.

முன்னால் கிராங்க் கம்பியைச் சுற்றி ஸ்டார்ட் செய்வதாக இருந்தால், ஸ்டியரிங்கில் இருக்கும் இக்னிஷன் லீவரைத் தீப்பொறி தாமதமாக விழும்படி வைத்துவிட்டுக் கம்பியைத் தொடுங்கள். கட்டைவிரலைக் கம்பியைச் சுற்றிப் பிடிக்காமல் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்து, கீழிருந்து மேலே இழுங்கள். இன்ஜின் திருப்பி உதைத்தால் மணிக்கட்டு போய்விடும், விளையாட்டில்லை.

கிளட்ச் பெடல் ஓர் அங்குலம்கூட நகராது, அரை கிளட்ச் என்பதே கிடையாது. ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட்டு, பெடலைப் பதமாக விட்டால் வண்டி நகரும். மிதித்துப் பழகியவர்கள் முதல் நாள் தவளை மாதிரி குதிப்பார்கள், நானும் குதித்தேன். ஆரம்ப கால மாடல்களின் கியர் பாக்ஸில் சிங்க்ரோ (கியர்களின் வேகத்தைத் தானே ஒத்துப்போக வைக்கும் அமைப்பு) இல்லை, அதனால் ஒவ்வொரு கியருக்கும் இரண்டு தடவை கிளட்ச் மிதிக்கும் டபுள் கிளட்ச்தான். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு, ஆக்சிலரேட்டரை ஒரு தட்டு தட்டி, மறுபடி மிதித்துக் கீழ் கியரைப் போட வேண்டும். மேல் கியருக்குத் தட்டு வேண்டாம், கொஞ்சம் பொறுத்தால் போதும். இதைப் படித்துக் கற்பதைவிட, சங்ககிரி, நாமக்கல் பக்கம் அந்தக் காலத்து லாரி ஓட்டிய அண்ணன் யாரையாவது பக்கத்தில் உட்கார வைத்தால் அரை நாளில் கை வந்துவிடும். அவருக்கு இன்ஜின் சத்தமே ஆர்பிஎம் மீட்டர்.

ஏறும்போது 20 கொண்டை ஊசி வளைவுகள், 1,200 மீட்டருக்கு மேல் உயரம். வளைவுக்குள் நுழைந்த பிறகு கியர் தேடாதீர்கள், நேர்ப்பாதையிலேயே போட்டுவிடுங்கள். ஓட்டத்தில் முதல் கியருக்கு இறங்குவது பெரும்பாடு. வாட்டர் பம்ப் கிடையாது, சூடான தண்ணீர் தானாக மேலே ஏறி ரேடியேட்டரில் ஆறி இறங்குகிறது, அவ்வளவுதான். அதனால் நடுவழியில் ஒரு டீ நேரம் நிறுத்துங்கள், ஆனால் சூட்டில் மூடியைத் திறக்காதீர்கள். நிறுத்தும் இடத்தில் குரங்குகள் வரும், கதவும் கூரையும் இல்லாத வண்டி அவற்றுக்கு விருந்து. இன்னொன்று, இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் பழைய ரப்பர் ஹோஸ்கள் கெட்டுவிடும், கிளம்பும் முன்பே மாற்றிவிடுங்கள்.

இறங்கும்போதுதான் இந்த வண்டியின் குணம் தெரியும். 1930-க்கு முந்தைய மாடல்களில் கால் பிரேக் பின் சக்கரத்துக்கு மட்டும், முன் சக்கரத்துக்குக் கை லீவர். எந்த கியரில் ஏறினீர்களோ அதிலேயே இறங்குங்கள், வேகத்தை இன்ஜினே பிடித்துக்கொள்ளட்டும், பிரேக் கடைசிக்குத்தான். கியர்களின் முனகல், எதிர்மலையில் மோதித் திரும்பும் எக்சாஸ்ட் சத்தம், கையில் உதைக்கும் ஸ்டியரிங், இதையெல்லாம் நூறு கிலோமீட்டர் வேகத்தில் ரசிக்க முடியாது, முப்பதில் முடியும்.

அடிவாரம் வந்ததும் பிரேக் டிரம் பக்கம் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். பின் டிரம்மில் அனல் அடித்து முன் டிரம் ஆறியிருந்தால் கை லீவரை மறந்து கால் பிரேக்கிலேயே இறங்கியிருக்கிறீர்கள். நாலும் வெதுவெதுப்பாக இருந்தால் சரி, ரேடியேட்டரில் தண்ணீர் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.