முதல்ல சிலை, அப்புறம் கிளாஸ்: ஆர்ட் இருக்கிற வைனரிக்கு போறவங்களுக்கு

வைன் செய்யிற எடத்துலயே சிற்பமும் ஓவியமும் வச்சிருக்கிற இந்த மாதிரி ஒரு வைனரிக்கு நான் முதமுதலா போனப்ப பண்ணின கூத்த சொல்லிட்டே ஆரம்பிக்கிறேன். காலைல பதினோரு மணிக்கு டேஸ்டிங், அதாவது வைன கொஞ்சம் கொஞ்சமா ருசி பாக்கிறது, புக் பண்ணிட்டேன், சிற்பத் தோட்டம் எங்க போயிடப் போகுது, மதியம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன். ஆறு வைன், ஒவ்வொண்ணும் ரெண்டு மூணு வாய் தான், ஆனா வெறும் வயிறு, ஊத்தினத எல்லாம் மரியாதையா முழுங்கியும் வச்சிட்டேன். வெளிய வந்தா உச்சி வெயில். ஆள் உயரத்துக்கு மேல ஒரு இரும்புத் தகடு நிக்குது, அதுக்கு முன்னாடி நானும் நிக்கிறேன், நல்லா இருக்குன்னு தோணினது மட்டும் ஞாபகம் இருக்கு, யாரு செஞ்சாங்க, ஏன் அந்த எடத்துல வச்சாங்க, ஒண்ணுமே மண்டையில ஏறல. மிச்ச நேரத்த ஒரு மரத்தடி பெஞ்சுல கண்ண மூடிக்கிட்டே ஓட்டினேன். அதுலேர்ந்து நான் வச்சிருக்கிற ஒரே ரூல், கண்ணுக்கு வேலை முதல்ல, நாக்குக்கு வேலை அப்புறம். டேஸ்டிங்க கடைசி ஸ்லாட்டா போடுங்க, முடிஞ்சா அது முடிஞ்சதும் காலைல பாத்ததுல புடிச்ச ஒரே ஒரு கலை வேலைய மட்டும் திரும்பப் போய் பாருங்க. சாயங்கால வெளிச்சத்துல அது வேற மாதிரி இருக்கும், வைனுக்கும் அதுல கொஞ்சம் பங்கு உண்டு.

போறதுக்கு முன்னாடி அது எந்த மாதிரி எடம்னு கண்டுபுடிக்கணும், ஏன்னா டேஸ்டிங் ரூம் சுவத்துல நாலு படம் மாட்டிட்டு ஆர்ட் வைனரினு போர்டு வச்சுக்கிற எடமும் இருக்கு, அதுக்காக ஒரு நாள செலவு பண்ணாதீங்க. உருப்படியான எடங்கள்ல சிலது ஓனர் வாங்கிச் சேர்த்த கலெக்ஷன். கலிஃபோர்னியாவுல நாபால டொனால்ட் ஹெஸ்னு ஒரு ஸ்விஸ் ஆளு 1989ல தன் கலெக்ஷன வைனரியிலயே பொதுமக்களுக்கு திறந்து விட்டாரு. பக்கத்து சொனோமால டோனம் எஸ்டேட், சுமார் 200 ஏக்கர்ல 50க்கு மேல சிற்பம், சீனக் கலைஞர் அய் வெய்வெய் செஞ்ச 12 ராசி மிருகத் தலைங்க உட்பட. இன்னும் சில எடத்துல கலைஞர கூப்பிட்டு, எடத்த காட்டி, இங்கயே ஏதாவது செய்யுங்கனு விட்டிருப்பாங்க. அப்புறம் கட்டடமே ஆர்ட்டுங்கிற வகை, ஸ்பெயின்ல எல்சியேகோ ஊர்ல மார்கேஸ் தெ ரிஸ்கல்ங்கிற வைனரிக்கு ஃப்ராங்க் கெரி கட்டி 2006ல திறந்த ஹோட்டல் மாதிரி, ரிப்பன சுருட்டிப் போட்ட மாதிரி டைட்டானியம் கூரை, பிங்க், தங்கம், வெள்ளினு மூணு கலர், பிங்க் உள்ள இருக்கிற வைனுக்கு, தங்கம் பாட்டில் மேல சுத்தியிருக்கிற கம்பி வலைக்கு, வெள்ளி மூடிக்கு. இதுல எனக்கு புடிச்சது அந்த எடத்துக்குன்னே செஞ்சது தான். கலெக்ஷன எந்த ஊர் மியூசியத்துலயும் மாட்டலாம், இத அங்க போனா தான் பாக்க முடியும். வெப்சைட்ல கலைஞர் பேர், வருஷம், என்ன மெட்டீரியல்னு ஒவ்வொரு வேலைக்கும் போட்டிருக்கானு பாருங்க, கல்யாண ஃபோட்டோ மட்டும் நிறைய இருந்தா அடுத்த எடத்த தேடுங்க.

ஒரே ஒரு எடம் தான் போக முடியும்னா நான் சொல்றது தெற்கு ஃப்ரான்ஸ்ல எய்க்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் பக்கத்துல இருக்கிற ஷாத்தோ லா கோஸ்ட். உள்ள நுழைஞ்சதும் டடாவோ ஆண்டோ கட்டின கான்கிரீட் கட்டடம், அதுக்கு முன்னாடி முழங்கால் கூட நனையாத ஆழத்துல பரந்த தண்ணி, அந்த தண்ணி மேல லூயிஸ் பூர்ஷ்வாவோட சிலந்தி கால ஊனிட்டு பதுங்கி நிக்குது. கொஞ்ச நேரம் அசையாம பாருங்க, காத்து அடிக்கிறப்ப தண்ணியில இருக்கிற நிழல்சிலந்தி மட்டும் நடுங்கும், மேல இருக்கிற வெண்கலம் அப்படியே இருக்கும். அதுக்கப்புறம் திராட்சை வரிசைங்களுக்கு நடுவுலயும் காட்டுக்குள்ளயும் போற நடை, ரெண்டு மணி நேரமாவது ஆகும், ஏத்தம் இருக்கு, சரளைக்கல் இருக்கு, அதனால நல்ல ஷூ போட்டுட்டு போங்க, ஹீல்ஸ் போட்டவங்க பாதியில உக்காந்துடுவாங்க. ரிச்சர்ட் செர்ரா மலைச்சரிவுல மூணு எஃகுத் தகட பதிச்சிருக்காரு, ரிச்சர்ட் ராஜர்ஸோட கேலரி மலையிலேர்ந்து 27 மீட்டர் அந்தரத்துல நீட்டிட்டு நிக்குது. வைன் செய்யிற கட்டடமும் சும்மா இல்ல, ஜான் நூவெல் டிசைன், பெரிய உருளைய நீளவாக்குல பாதியா வெட்டி கவுத்தி வச்ச மாதிரி பளபளனு ரெண்டு, உள்ள போனா பெரும்பகுதி தரைக்கடியில. மேப் கையில குடுப்பாங்க, அத மடிச்சு பாக்கெட்ல வச்சுட்டு முதல்ல கால் போன போக்குல போங்க, தொலைஞ்சா மட்டும் எடுங்க.

இத்தாலியில டஸ்கனி போனா கியாந்தி பகுதியில காஸ்தெல்லோ தி ஆமாங்கிற வைனரி, 2000லேர்ந்து கலைஞர்கள கூப்பிட்டு அங்கயே செய்ய வைக்கிறாங்க. தனியா சுத்த விட மாட்டாங்க, கைடோட தான், அதுவும் நல்லது தான் ஏன்னா பாதி கலை வேலை பூட்டின கதவுக்கு உள்ள இருக்கு. டானியேல் புரேன் ஒரு சுவர் எழுப்பி அதுல ஜன்னல் ஜன்னலா ஓட்டை விட்டு சுவத்துல கண்ணாடி பதிச்சிருக்காரு, அதனால ஜன்னல் வழியா முன்னாடி இருக்கிற தோட்டமும் கண்ணாடியில பின்னாடி இருக்கிற எடமும் ஒரே நேரத்துல தெரியுது, எது நிஜம்னு ரெண்டு செகண்ட் குழம்பும். அனீஷ் கபூரோடது ஒரு சின்ன சேப்பலுக்குள்ள, அதாவது குட்டி சர்ச்சுக்குள்ள, செவப்பு வெளிச்சம். அங்க போனா கண்ணு இருட்டுக்கு பழகுற வரைக்கும் வாய தொறக்காம நில்லுங்க, எல்லாரும் உள்ள போன உடனே ஃபோன எடுக்குறாங்க, ஃபோட்டோவுல அது வெறும் செவப்பு புள்ளி தான்.

அதே இத்தாலியில பரோலோங்கிற வைன் செய்யிற பகுதியில லா மொரா ஊர்ல செரெத்தோ குடும்பத்தோட திராட்சைத் தோட்டத்துக்கு நடுவுல ஒரு குட்டி சேப்பல் இருக்கு. 1914ல கட்டினது, தோட்டத்துல வேலை செஞ்சவங்க மழைக்கு ஒதுங்கின எடம், சாமி கும்பிட ஒருநாளும் பயன்படல, பின்னாடி பாழா கிடந்துச்சு. 1999ல வெளிப்பக்கத்த சால் லெவிட்டும் உள்பக்கத்த டேவிட் ட்ரெம்லெட்டும் பெயின்ட் பண்ணாங்க. வெளிய செவப்பு, மஞ்சள், நீலம், பச்சைனு கத்துற கலர், உள்ள போனா மண்ணு கலர்ல அமைதியா இருக்கும். பதினஞ்சு நிமிஷத்துல பாத்துடலாம், அதனால அத மட்டும் நம்பி ட்ரிப் போடாதீங்க, பரோலோ டேஸ்டிங் போற வழியில சேத்துக்கங்க.

ஏன் இந்த எடங்கள்ல ஓவியத்த விட சிற்பமும் வெளிச்சமும் கண்ணாடியும் தான் அதிகமா இருக்குனு நான் ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன், விஷயம் சிம்பிள். பீப்பாய் வச்சிருக்கிற நிலவறை, அதாவது செல்லார், 13 டிகிரி சுத்தி இருக்கும், ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல, இல்லாட்டி மரம் காஞ்சு வைன் ஆவியா போயிடும். ஓவியத்துக்கோ 20 டிகிரி பக்கமும் 50 சதவீத ஈரமும் வேணும், செல்லார்ல மாட்டினா பூஞ்சை தான் புடிக்கும். அதனால கேன்வாஸ் எல்லாம் தனி கட்டடத்துல, செல்லாருக்குள்ள கல்லு, உலோகம், லைட். உங்களுக்கு இதுல என்ன பிரயோஜனம்னா, வெளிய எவ்ளோ வெயில் அடிச்சாலும் ஒரு ஜாக்கெட் கையில இருக்கட்டும். டீ-ஷர்ட்டோட இறங்கினவங்க பத்து நிமிஷத்துல கைய கட்டிக்கிட்டு கைடு எப்ப முடிப்பாருனு பாத்துட்டு நிப்பாங்க.

தூரமா போக தயாரா இருந்தா ரெண்டு எடம். ஒண்ணு அர்ஜென்டினாவுல சால்ட்டா மாகாணத்துல கொலோமேங்கிற வைனரி, மேல சொன்ன அதே ஹெஸ் தான் 2009ல அங்க ஜேம்ஸ் டரலுக்குன்னே ஒரு மியூசியம் கட்டினாரு, முழுக்க வெளிச்சத்தாலயே செஞ்ச ஒன்பது வேலை. எடம் சுமார் 2,300 மீட்டர் உயரம், போற வழியில பெரும்பாலும் மண் ரோடு, அதனால போயிட்டு அன்னிக்கே திரும்பலாம்னு நினைக்காதீங்க, ராத்திரி தங்குங்க. கூரையில ஓட்டை விட்டு வானத்தையே பாக்க வைக்கிற ரூம் ஒண்ணு இருக்கு, அதுக்கு சூரியன் மறையிற நேரம் தான் நேரம், புக் பண்றப்பவே கேட்டுடுங்க. அந்த உயரத்துல தண்ணி நிறைய குடிங்க, வைன் வழக்கத்த விட வேகமா ஏறுற மாதிரி இருக்கும். இன்னொண்ணு ஆஸ்திரேலியாவுல டாஸ்மேனியா, ஹோபார்ட் டவுன்லேர்ந்து ஃபெர்ரி ஏறினா மோனா. டேவிட் வால்ஷ் 2011ல திறந்த மியூசியம், பாறைய குடைஞ்சு கீழ கீழ போற கட்டடம், அது இருக்கிறதே மூரில்லாங்கிற பழைய வைனரி நிலத்துல. சுவத்துல பேர்ப்பலகையே கிடையாது, விவரம் எல்லாம் ஃபோன்ல தான், சார்ஜ் போட்டுட்டு போங்க. சிட்னி நோலன் 1,620 துண்டா வரைஞ்ச பாம்பு ஓவியம் அங்க தான் இருக்கு, கிட்ட போனா ஒவ்வொரு துண்டுலயும் தனித்தனி பூ, முகம், மிருகம், பின்னாடி நடந்துட்டே வாங்க, எப்ப அது பாம்பாச்சுனு உங்களுக்கே தெரியாது. மியூசியத்துக்கே அரை நாளுக்கு மேல வேணும், இங்கயாவது டேஸ்டிங்க கடைசியா வச்சுக்கங்க, தயவு செஞ்சு.

புக்கிங் விஷயத்துல ஒரு குழப்பம் வரும், ஆர்ட் டூர், செல்லார் டூர், டேஸ்டிங் மூணும் தனித்தனி டிக்கெட்டா இருக்கலாம், ஒண்ணு எடுத்தா இன்னொண்ணு வந்துடும்னு நம்பி போய் கேட்ல நிக்காதீங்க, மெயில் போட்டு கேளுங்க. அப்படியே எந்த வேலையாவது ரிப்பேருக்கோ வேற கண்காட்சிக்கோ போயிருக்கானும் கேளுங்க, சிலந்திக்காக போய் சிலந்தி இல்லாம திரும்பினா கடுப்பா இருக்கும். பூமத்திய ரேகைக்கு வட பக்க நாடுகள்ல அறுவடை ஆகஸ்ட் கடைசிலேர்ந்து அக்டோபர் வரைக்கும், தெற்குல பிப்ரவரிலேர்ந்து ஏப்ரல். அப்ப போனா வேலை நடக்கிறத பாக்கலாம், ஆனா உங்ககிட்ட பேச யாருக்கும் நேரம் இருக்காது. சிற்பம் தான் முக்கியம்னா நான் இலை உதிர்ந்த குளிர்காலத்தையும் சொல்லுவேன், கூட்டம் இல்ல, வெறும் கொடிங்களுக்கு நடுவுல எஃகு தனியா தெரியும், சிலது அந்த சீசன்ல மூடியிருக்கும்ங்கிறத மட்டும் பாத்துக்கங்க. ஒரு நாளைக்கு ஒரு எடம், அதுக்கு மேல வேணாம்.

துருப்புடிச்ச மாதிரி பழுப்பா இருக்கிற எஃகு சிற்பத்த தொடாதீங்க, சாயாதீங்க, உங்க கை எண்ணெய் அதுல கறையாகும், அதோட துரு உங்க சட்டையில ஏறும், ரெண்டுமே போகாது. கொடியிலேர்ந்து திராட்சைய பறிச்சு வாயில போடாதீங்க, மருந்து அடிச்சிருப்பாங்க. சென்ட் அடிச்சுட்டு போகாதீங்க, பக்கத்துல நிக்கிறவருக்கு வைன் வாசனையே வராது.

டேஸ்டிங்ல ஒவ்வொரு வைனும் 30லேர்ந்து 60 மில்லி ஊத்துவாங்க, ஆறு வைன்னா 180லேர்ந்து 360, அதாவது கிட்டத்தட்ட பாதி பாட்டில் வரைக்கும் போகும். அதுக்குத்தான் மேஜையில துப்புற பாத்திரம் வச்சிருக்காங்க, துப்புறது அவமரியாதை இல்ல, வைன் செய்யிறவங்களே நாள் பூரா துப்பிட்டு தான் இருக்காங்க. முதல் தடவை தாடையில வழியும், பாத்ரூம்ல தண்ணிய வச்சு ப்ராக்டிஸ் பண்ணிட்டு போங்க, சிரிக்காதீங்க, நான் பண்ணிருக்கேன். வண்டி ஓட்டுறவர் ஒருத்தர் குடிக்காம இருக்கணும், இல்ல டாக்ஸி.

கைடுகிட்ட விலைய கேக்காதீங்க, இந்த கலைஞர் இங்க எத்தன நாள் தங்கினாரு, முதல்ல வேற எந்த எடத்த கேட்டாருனு கேளுங்க, அப்ப தான் கதை வரும். லேபிள் பத்தியும் கேளுங்க. ஃப்ரான்ஸ்ல போர்தோ பகுதியில ஷாத்தோ மூத்தோன் ராத்ஷில்ட்ங்கிற வைனரியில 1945லேர்ந்து ஏறக்குறைய எல்லா வருஷமும் ஒரு கலைஞரோட படத்த லேபிள்ல போடுறாங்க, 1958 டாலி, 1970 ஷகால், 1973 பிகாசோ, 1975 வார்ஹால், சேப்பல்ல செவப்பு வெளிச்சம் வச்ச கபூர் 2009ல. சம்பளமா காசு கிடையாது, வைன் பெட்டிங்க தான். 1993ல பால்த்யூஸ் வரைஞ்சத அமெரிக்காவுல எதிர்த்தாங்க, அங்க போன பாட்டில்ல படம் இருக்க வேண்டிய எடத்த அப்படியே வெறுமையா விட்டு வித்தாங்க, சேக்கிறவங்க இப்ப ரெண்டையுமே தேடுறாங்க.

பாட்டில் வாங்கினா கேபின் பேக்ல விட மாட்டாங்க, செக்-இன் பெட்டியில தான். ரெண்டு சாக்ஸ்ல சொருகி, துணிக்கு நடுவுல, பெட்டியோட ஓரத்துல படாம வைங்க. லேபிள் மேல முதல்ல ஒரு பிளாஸ்டிக் கவர போடுங்க, என்னோட ஒண்ணு வர்ற வழியில ஜீன்ஸோட உரசி உரசி படத்துல பாதிய காணோம், வைன் நல்லா தான் இருந்துச்சு.