மேலே அலுமினியம், கீழே கறள்: பழைய பிக்கப் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அத்தான் டைல் பதிக்கிற வேலை செய்பவர். பழைய ட்ரக் சாகக் கிடந்ததால், ஏழெட்டு வருடம் ஓடிய இன்னொரு பிக்கப்பை வாங்கிக்கொண்டு, கனடாவில் டொரோன்டோவின் ஸ்காபரோவில் இருக்கும் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். கம்பனிப் பெயரும் போன் நம்பரும் போட்ட காந்தப் பலகை ஒன்று அவரிடம் உண்டு. அதை முன்கதவில் வைத்தார். சறுக்கி நிலத்தில் விழுந்தது. துணியால் கதவைத் துடைத்துவிட்டுத் திரும்ப வைத்தார். திரும்பவும் விழுந்தது.

"என்னடா தம்பி, காந்தம் செத்துப்போச்சோ?"

"காந்தம் நல்லாத்தான் இருக்கு அத்தான். கதவு அலுமினியம். உது ஒட்டாது."

விற்றவர் இதை மறைக்கவில்லை. "முழுக்க அலுமினியம், கறளே பிடிக்காது" என்று மூன்று தரம் சொன்னாராம். அத்தானும் தலையாட்டியிருக்கிறார். சிக்கல் அங்கேதான். அந்த ஒரு வசனத்தை நம்பி அவர் வண்டிக்கு அடியில் குனிந்தே பார்க்கவில்லை. அடுத்த கிழமை கராஜில் ஹொயிஸ்டில் ஏற்றியபோது, பின்னச்சுக்கு மேலே இருந்த சேஸியில் மெக்கானிக் ஸ்க்ரூட்ரைவரால் ஒரு குத்துக் குத்தினார். அப்பளம் மாதிரிக் கறள் பிளந்து விழுந்தது.

தோலைப் பார்த்து எலும்பை மறப்பது

அலுமினியமா இரும்பா என்ற வாதத்தைத் தொடக்கி வைத்தது 2015 மாடல் ஃபோர்ட் எஃப்-150. அந்த வருடம் கேபின், கதவுகள், பின்பெட்டி எல்லாம் அலுமினியக் கலவைக்கு மாறின. வண்டியின் எடை அதிகபட்சம் 700 பவுண்ட், அதாவது 318 கிலோ வரை குறைந்தது என்று கம்பனி அறிவித்தது. 2017இல் அதன் பெரிய அண்ணன் சூப்பர் டியூட்டியும் அதே வழிக்கு வந்தது. ஆனால் இரண்டிலும் சேஸி இரும்புதான். எஞ்சின், அச்சு, ஸ்பிரிங், இழுவைக் கொக்கி எல்லாவற்றையும் தாங்குகிற அந்த ஏணிச் சட்டத்தை யாரும் அலுமினியத்தில் செய்யவில்லை. எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை வீதியில் கொட்டும் உப்பு முதலில் போய் ஒட்டுவதும் அதில்தான்.

ஆகவே "கறள் பிடிக்காது" என்பது பாதி உண்மை. இரும்பு உடல் ட்ரக்கில் பின்சக்கர வளைவும் கதவுக்குக் கீழுள்ள விளிம்பும் முதலில் அரிக்கும். வாங்குபவருக்கு வீதியிலிருந்தே எச்சரிக்கை தெரிந்துவிடும். அலுமினிய உடலில் அந்த எச்சரிக்கை கிடையாது. மேலே பத்து வருடமானாலும் பளபளக்கும், கீழே சேஸி தன்பாட்டில் உதிரும். அலுமினிய ட்ரக்குக்கு அடியில்தான் கூடுதல் நேரம் படுத்துக் கிடக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஒரு கார்ட்போர்ட் மட்டை, டோர்ச், ஸ்க்ரூட்ரைவர் போதும். பின்பாதியில் தொடங்குங்கள். லீஃப் ஸ்பிரிங் தொங்குகிற இடம், பின்னச்சுக்கு மேலே சட்டம் வளைகிற இடம், ஸ்பெயார் சக்கரத்துக்கு மேலே, குறுக்குச் சட்டங்கள் பொருந்துகிற மூலைகள். மண்ணும் உப்பும் சேர்ந்து ஈரமாகவே கிடக்கும் இடங்கள் இவை. மேலாக மண்ணிறத் தூள் படிந்திருந்தால் பயமில்லை, இந்த ஊரில் ஓடிய எல்லா வண்டியிலும் அது இருக்கும். செதில் செதிலாக உரிந்தால் யோசிக்க வேண்டும். ஸ்க்ரூட்ரைவரின் பிடியால் தட்டிப் பாருங்கள்: நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், அரித்தது பொத்தென்று கேட்கும். பிரேக் குழாய்களையும் விரலால் தடவிப் பாருங்கள். அவை வெடித்தால் மிதியை மிதிக்கும்போதுதான் தெரியவரும்.

சேஸி முழுக்கப் புதுக் கறுப்பு பெயின்ட் மின்னினால் நான் திரும்பி வந்துவிடுவேன். விற்கப்போகிற வண்டியின் வயிற்றுக்கு யாரும் அழகுக்காக பெயின்ட் அடிப்பதில்லை. வருடாவருடம் எண்ணெய் அடித்துப் பராமரித்த வண்டியின் அடி அழுக்காக, எண்ணெய்ப் பிசுக்காக இருக்கும். அந்த அழுக்குத்தான் நல்ல அடையாளம்.

சேஸிக் கறள் பெயர்போன கம்பனியையும் விடாது. 2005 முதல் 2010 வரையான டகோமா, 2007, 2008 டன்ட்ரா ஆகியவற்றின் சேஸிக் கறளுக்காக டொயோட்டா அமெரிக்காவில் வாடிக்கையாளர்களோடு ஒரு பெரிய சமரசத்துக்கு வந்தது. பல வண்டிகளுக்குச் சட்டத்தையே மாற்றிக் கொடுத்தார்கள்.

அலுமினியம் அரிக்காது என்று நினைப்பது

சிவப்பாக அரிக்காது, அவ்வளவுதான். பெயின்டுக்கு அடியில் கொப்புளம் போடும், உடைத்தால் உள்ளே வெள்ளைத் தூள் இருக்கும். ஹூட்டின் முன் விளிம்பு, கதவின் அடி மடிப்பு, பிணைச்சல்களைச் சுற்றி விரலை ஓட்டிப் பாருங்கள். ஹூட்டில் ஓரிரு கொப்புளம் இருந்தால் வண்டியை விட்டுவிடத் தேவையில்லை, விலையில் கழிக்கலாம். ஆனால் "தேய்த்துப் பூசினால் சரி" என்று சொல்லும் கடைக்காரரிடம் கவனம். இரும்புத் தகட்டில் தேய்த்த அதே மட்டத்தாளால் அலுமினியத்தைத் தேய்த்தால், இரும்புத் துகள் அதற்குள் பதிந்து கொப்புளம் திரும்ப வரும்.

இதைவிட மோசமானது இரண்டு உலோகங்களும் தொடுகிற இடம். அலுமினியமும் இரும்பும் சேர்ந்து, நடுவே உப்புத் தண்ணீரும் நின்றால் அது ஒரு சின்ன பற்றரி. கரைவது அலுமினியம். கம்பனி இதைத் தெரிந்து பூச்சு போட்ட போல்ட்டும் பசையும் பயன்படுத்துகிறது. முதல் சொந்தக்காரருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. ஏணி மாட்ட, கருவிப் பெட்டி பூட்ட, லைட் வைக்க என்று கடையில் வாங்கிய சாதாரண ஸ்க்ரூவை முறுக்கியிருப்பார். ஒவ்வொரு துளையையும் தேடிப் பாருங்கள். அத்தானும் அன்றைக்கு "அப்ப நாலு ஸ்க்ரூ அடிச்சு போர்டைப் பூட்டுவம்" என்று ட்ரில்லை எடுத்துவிட்டார். கையைப் பிடித்து நிறுத்தி, வினைல் ஸ்டிக்கர் ஒட்டுவித்தேன்.

காந்தத்தை எல்லா இடத்திலும் நம்புவது

கதவில் காந்தத்தை வைத்து, ஒட்டாவிட்டால் உள்ளே புட்டி அப்பியிருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது எங்கள் அப்பா காலத்து வித்தை. இன்றைய பிக்கப்பில் அது குழப்பும். 2019 செவர்லே சில்வராடோவில் ஹூட், கதவுகள், பின்மூடி அலுமினியம். பெட்டியும் கூரையும் முன் ஃபெண்டரும் இரும்பு. அதே வருட ராம் 1500இல் ஹூட்டும் பின்மூடியும் அலுமினியம், மற்றவை பெரும்பாலும் இரும்பு. 2022 டன்ட்ராவின் பெட்டியோ இரண்டுமில்லை, பிளாஸ்டிக் கலவை. ஆகவே "இரும்பு ட்ரக்" என்று விற்பனைக்காரர் சொல்வதும் முழு உண்மையில்லை.

அந்த மாடலில் எந்தத் தகடு எந்த உலோகம் என்று முதலில் தெரிந்துகொண்டு போங்கள். அலுமினியத்துக்கு பெயின்டின் தடிப்பை அளக்கும் மீட்டர் வேண்டும். இரும்பை மட்டும் அளக்கிற மலிவான மீட்டர் அலுமினியத்தில் வேலை செய்யாது; இரண்டையும் அளப்பதாகப் பார்த்து எடுங்கள். கம்பனி பெயின்ட் பொதுவாக 100 முதல் 180 மைக்ரோன் வரை இருக்கும். ஒரு கதவு மட்டும் 400, 500 என்று காட்டினால் அந்தக் கதவுக்கு ஒரு கதை இருக்கிறது.

அந்தக் கதையைச் சரிசெய்தவர் யார் என்பதும் முக்கியம். அலுமினியத் தகட்டை மூலையிலிருக்கும் எல்லாக் கடையிலும் தட்டி நிமிர்த்த முடியாது. தனிக் கருவி, தூசு கலக்காத தனி இடம், ரிவெட்டும் பசையும் போடத் தெரிந்த கை எல்லாம் வேண்டும். 2015இல் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்புறுதிக் கழகம் 2014 இரும்பு எஃப்-150ஐயும் 2015 அலுமினிய எஃப்-150ஐயும் ஒரேமாதிரி மெதுவாக மோதவிட்டுப் பார்த்தது. அலுமினியத்தைத் திருத்த 26 வீதம் கூடுதலாகச் செலவானது. வாங்கும் முன் உங்கள் காப்புறுதி முகவரிடம் வண்டியின் அடையாள எண்ணைக் கொடுத்து விலை கேட்டுவிடுங்கள், ஊகிக்க வேண்டாம்.

பெட்டியின் லைனரைத் தூக்காமல் விடுவது

2016இல் செவர்லே ஒரு விளம்பரம் செய்தது. 825 பவுண்ட் தோட்டக் கற்களை இரண்டு ட்ரக்கின் பெட்டியிலும் கொட்டினார்கள். எஃப்-150இன் அலுமினியப் பெட்டி ஓட்டையானது, சில்வராடோவின் இரும்புப் பெட்டி நெளிந்ததோடு தப்பியது. விளம்பரம் விளம்பரம்தான், வெறும் பெட்டியில் யாரும் கல்லை அப்படி மேலிருந்து கொட்டுவதில்லை. ஆனால் உடைத்த கொங்கிரீட்டும் பழைய டைலும் ஏற்றுகிற ஆளாக இருந்தால், உள்பக்கம் லைனர் என்ற காப்பு உறை போடாத அலுமினியப் பெட்டியை நானும் எடுக்கமாட்டேன்.

ஒட்டிப் பூசிய லைனர் நல்லது. தூக்கி வைக்கிற பிளாஸ்டிக் லைனர் என்றால், அதைக் கழற்றிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அதற்கு அடியில் மணலும் உப்பும் தேங்கி, வண்டி ஆடும்போதெல்லாம் பெயின்டை அரைத்துக்கொண்டேயிருக்கும். கழற்ற மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான்.

லேசான வண்டி கூடப் பாரம் இழுக்கும் என்று கணக்குப் போடுவது

இது அத்தான் செய்த இரண்டாவது பிழை. உடல் லேசானால் அந்த எடையைச் சுமைக்குக் கொடுக்கலாம் என்பது கொள்கையளவில் சரி. ஆனால் கண்ணாடிக் கூரை, தோல் இருக்கை, நாலு கதவு, நாலு சக்கர இழுவை என்று ஏற ஏற அந்த இலாபம் கரைந்துபோகும். ஓட்டுநர் கதவைத் திறந்தால் நிலைச் சட்டத்தில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக்கூடாது என்று அதில் எழுதியிருக்கும். அந்த ஒரு வண்டிக்கே உரிய எண் அது. அத்தானின் ஸ்டிக்கரில் 640 கிலோ. மூன்று பேர் ஏறினால் 240 போய்விடும், மிச்சம் 400. முப்பது கிலோ சீமெந்துக் கலவைப் பை பதின்மூன்றோடு முடிந்தது. அவர் வழக்கமாக ஏற்றுவது இருபது. ட்ரெய்லர் கொழுவினால் அதன் மூக்கு கொக்கியில் அழுத்துகிற பாரமும் இதற்குள்தான்.

கடதாசியும் குளிர்ந்த எஞ்சினும்

ஒன்ராறியோவில் தனியாரிடம் வாங்கினால், பாவித்த வாகனத் தகவல் பொதியை விற்பவர்தான் எடுத்துத் தர வேண்டும். பழைய சொந்தக்காரர்களும் நிலுவைக் கடனும் அதில் இருக்கும். வேறு மாகாணத்தில் ஓடிய கதை அதில் வராது, அதற்குக் கார்ஃபாக்ஸ் அறிக்கை தனியாக எடுங்கள். சேஃப்டி சான்றிதழ் 36 நாளைக்குத்தான் செல்லும்; பரிசோதித்த அன்று எப்படி இருந்தது என்பதற்கு மேல் அது எதற்கும் உத்தரவாதமில்லை. விலையைக் குறைத்து எழுதி வரியை மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எழுதிய விலை, அந்த வண்டியின் மொத்த வியாபார (ஹோல்சேல்) மதிப்பு இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் 13 வீத வரி. டீலரிடம் வாங்கினால் கையெழுத்து வைத்த பிறகு மனம் மாறித் திருப்பிக் கொடுக்கும் உரிமை இங்கே கிடையாது.

முன்பக்கம் சேஸியில் கனமான இரும்புக் கால்கள் பூட்டியிருந்த தடம் தெரிந்தால், அந்த வண்டி குளிர்காலம் முழுக்கப் பனி தள்ளியிருக்கிறது. முன் சஸ்பென்ஷனையும் கியரையும் அதற்கேற்பப் பாருங்கள்.

விற்பவர் சொன்ன நேரத்துக்கு அரை மணித்தியாலம் முந்திப் போங்கள். சில எஞ்சின்கள், குறிப்பாக 2017 முதல் 2020 வரையான ஃபோர்டின் 3.5 லீற்றர் எக்கோபூஸ்ட், இரவெல்லாம் குளிர்ந்து கிடந்து ஸ்டார்ட் ஆகும் முதல் சில நொடிகளில்தான் கடகடவென்று சத்தம் போடும். சூடான பிறகு பூனை மாதிரி இருக்கும். போனதும் முதல் வேலையாக ஹூட்டில் கையை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால், நாளைக்கு விடிய வாறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.